முதுமைக்கு ஒரு நாள் போதுமா?

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்கள் முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு நம் கல்லூரி வாசலில் ஒரு பேருந்து வந்து நிற்கும். வாழைத்தார் இரண்டு, ரொட்டிப் பெட்டிகள் நான்கு, போர்வைக் கட்டு ஒன்று, நீளமான பதாகை ஒன்று ஆகியவற்றோடு நாட்டு நலப்பணித் திட்டத் தொண்டர்கள் ஐம்பது பேர் ஏறிக்கொள்வோம். அரை மணி நேரப் பயணம். முதியோர் இல்லத்தின் முற்றத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். பெரியவர்கள் குளித்து, வெளுத்த உடை உடுத்திக் காத்திருப்பார்கள். வரவேற்புரை, சிறப்புரை, பழம் வழங்கல், நன்றியுரை, நிழற்படம். பன்னிரண்டரை மணிக்குப் பேருந்து திரும்பிவிடும்.

சென்ற அக்டோபரில் எடுத்த நிழற்படம் இம்மலரின் முற்பகுதியிலேயே இடம் பெறக்கூடும். அதில் இடமிருந்து வலமாக மூன்றாவதாக நிற்பவன் நான்தான். எனவே இக்கட்டுரையில் நான் கூறப்போகும் குறைகள் யாவும் முதலில் என்மீது நானே சுமத்திக்கொள்பவை. நண்பர்கள் சினம் கொள்ள வேண்டா.

வாழைப்பழமும் ஒரு கடிதமும்

அன்று எனக்கு ஒதுக்கப்பட்ட வரிசையில் கடைசியாக அமர்ந்திருந்தவர் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். அவரிடம் இரண்டு பழங்களையும் ஒரு ரொட்டிப் பொட்டலத்தையும் நீட்டினேன். வாங்கிப் பக்கத்திலிருந்த பையில் போட்டார். அந்தப் பையில் ஏற்கெனவே ஏழெட்டுப் பழங்கள் இருந்தன. எங்களுக்கு முன் காலையில் ஒரு பள்ளியும், ஒரு வணிகர் சங்கமும் வந்து போயிருந்தன என்று பிறகுதான் அறிந்தேன். அந்தப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

“பழம் கெடக்குய்யா. பேங்குல இருந்து இந்தக் கடுதாசி வந்திருக்கு. இங்கிலீசுல இருக்கு. என்ன சொல்லியிருக்கான்னு படிச்சுச் சொல்லு” என்றார்.

தாளை வாங்கிப் பிரித்தேன். அதே வேளையில் நிழற்படத்துக்கு எல்லாரையும் அழைத்தார்கள். பேருந்து ஓட்டுநரும் ஒலியெழுப்பினார். “அடுத்த தடவை வரும்போது படிச்சுச் சொல்றேன் தாத்தா” என்று தாளை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். சரியாக மூன்றாவது இடத்தில் நின்றேன். நன்றாகச் சிரித்தும் இருக்கிறேன்.

அடுத்த தடவை என்பது அடுத்த அக்டோபர் முதல் நாள்தான் என்பது பேருந்து பாதி வழி வந்த பிறகே எனக்கு உறைத்தது.

அக்டோபர் முதல் நாளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1990ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி அது உலக முதியோர் நாளாயிற்று. 1991 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. நோக்கம் மிக உயர்ந்தது. ஆயினும் அந்த நாளுக்கு அடுத்த நாள், அதாவது அக்டோபர் இரண்டாம் நாள், அந்த இல்லத்துக்கு யார் போகிறார்கள்? நாம் போவதில்லை. அன்று காந்தியடிகள் பிறந்த நாள். துடைப்பங்களோடு நாம் கடைவீதிக்குப் போய்விடுகிறோம்.

எட்டு ஆரங்களின் பொருள்

காந்தியடிகளின் நூற்றாண்டில்தான் நம் நாட்டு நலப்பணித் திட்டமும் பிறந்தது. 1969 செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு அது தொடங்கப்பெற்றது. “எனக்காக அன்று, உனக்காக” என்பது அதன் முழக்கம். நாம் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னத்தைப் பெரும்பாலோர் உற்றுப் பார்த்ததில்லை. அது ஒடிசாவின் கொனார்க் சூரியன் கோயில் தேர்ச்சக்கரம். அதிலுள்ள எட்டு ஆரங்கள் ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தைக் குறிக்கின்றன. எந்த நேரமும் தொண்டுக்கு ஆயத்தமாக இருப்பவன் என்பது அதனை அணிந்தவனுக்குரிய பொருள்.

நாம் அணிந்திருக்கிறோம். முதியோர்க்கு நாம் தருவதோ ஆண்டுக்கு மூன்றரை மணி நேரம். அதிலும் அரை மணி நேரம் நிழற்படத்துக்குப் போய்விடுகிறது.

இதை நான் வெறும் பேச்சுத் திறமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு இது புரிவதற்கு என் வீட்டிலேயே ஒருவர் விழ வேண்டியிருந்தது.

முகாமின் மூன்றாம் நாள்

பொங்கல் கழிந்து நமது சிறப்பு முகாம் நடந்தது நினைவிருக்கும். ஏழு நாட்கள். நாம் தத்தெடுத்த சிற்றூரில் ஊருணிக் கரையைச் செம்மை செய்தோம். கருவேல முள்ளை வெட்டினோம். பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மூன்றாம் நாள் மாலை, மண்வெட்டியும் கையுமாக நான் கரையில் நின்றபோது ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அப்பத்தா விழுந்துவிட்டார்.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கதவுக்கு வெளியே ஒரே ஒரு கல் படி உண்டு. முழங்கால் உயரம் இருக்கும். அதன் அருகில்தான் தண்ணீர்த் தொட்டி. ஆகவே அந்தக் கல் எப்போதும் ஈரமாகவே இருக்கும். கழிப்பறை அதற்கும் அப்பால் இருபது தப்படி தொலைவில். பகலெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு எப்படியோ போய்வந்துவிடும் அப்பத்தா, அன்று விடியற்காலை இருட்டில் கால் வழுக்கி விழுந்திருக்கிறது. தொடை எலும்பு இடுப்பருகே முறிந்துவிட்டது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அம்மா தனியாக, பக்கத்து வீட்டாரின் துணையோடு, வண்டி பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தார்.

மருத்துவர்கள் நல்ல முறையில் அறுவை செய்தார்கள். அப்பத்தா பத்தொன்பது நாட்கள் அங்கே இருந்தது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறது. ஆனால் திண்ணைக்கு வருவதில்லை. மாலை வேளைகளில் தெருப் பெண்களோடு அமர்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசிய அப்பத்தா, இன்று நடுவீட்டில் கட்டிலில் அமர்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மருத்துவமனையில் ஓர் இரவு அப்பத்தா என்னிடம் சொன்னது: “ஒன்னயக் குத்தஞ் சொல்லலய்யா. நீ ஊருக்கு நல்லதுதான செய்யப் போன.”

அது ஆறுதலாகச் சொல்லப்பட்ட சொல். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அந்தக் கல்லை நாள்தோறும் ஒரே எட்டில் தாண்டிப் போனவன் நான். அயலூர் ஊருணிக்குப் படி கட்டக் கல் சுமந்த என் கண்ணில் என் வீட்டுப் படி படவில்லை.

வீடு திரும்பிய பின் கொத்தனாரை அழைத்து அந்த ஒரு படியை மூன்றாக்கினோம். ஒவ்வொன்றும் ஆறு அங்குல உயரம், மேற்பரப்பு சொரசொரப்பாக. பட்டறையில் சொல்லி, ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் கழிப்பறை வரை இரும்புக் குழாய் பதித்தோம். கழிப்பறைக்குள் எழுந்து நிற்கப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. இரவில் எரிய ஒரு சிறு விளக்கு. எல்லாமாகச் சேர்த்து 2,300 ரூபாய் ஆயிற்று. அக்டோபர் முதல் நாள் நிகழ்ச்சிக்குக் கணக்கு எழுதியவனும் நான்தான். பதாகைக்கும் விருந்தினர் சால்வைகளுக்கும் மட்டும் அன்று நாம் செலவிட்டது 2,600 ரூபாய்.

ஊரில் எஞ்சியிருப்போர் யார்?

என் வீட்டுக் கதை ஒரு வீட்டுக் கதையன்று. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயது கடந்தோர் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர். 2011ஆம் ஆண்டில் அவர்கள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டனர். அந்த ஆண்டில் நூற்றுக்கு 8.6 பேர் என்பது நாட்டின் சராசரி, தமிழ்நாட்டிலோ 10.4 பேர். மருத்துவமும் கல்வியும் வளர்ந்ததன் பயன் இது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் முப்பத்திரண்டு ஆண்டளவே இருந்த சராசரி ஆயுள் இன்று எழுபதை எட்டியிருக்கிறது. வாழ்நாளைக் கூட்டிவிட்டோம். கூட்டிய நாட்களை எங்கே, எப்படி, யாரோடு வாழ்வது என்பதற்குத்தான் திட்டம் வகுக்கவில்லை.

நம்முடையது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் வேளாண்மை. இல்லையேல் பிழைப்புத் தேடிப் பயணம். நம் ஊர்களின் இளைஞர் திருப்பூரில் இருக்கின்றனர், சென்னையில் இருக்கின்றனர், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கின்றனர். மாதந்தோறும் பணம் வருகிறது. நாள்தோறும் தொலைபேசி வருகிறது. ஆனால் படியில் இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை தொலைபேசி வழியே வருவதில்லை.

முகாமில் நாம் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தோம். நாம் கொண்டு போன படிவத்தில் கழிப்பறை உண்டா, ஆடுமாடு எத்தனை, குடும்ப அட்டை உண்டா என்ற வினாக்கள் இருந்தன. “உங்களுக்கு என்ன வேண்டும் பாட்டி?” என்ற வினா இல்லை. படிவத்தில் இல்லாததை ஒரு மூதாட்டி தாமாகவே சொன்னார். வயலிலும் களத்திலும் ஐம்பது ஆண்டுகள் உழைத்து அவருடைய விரல் நுனிகள் வழவழத்துப் போயிருந்தன. பணம் எடுக்கும் கருவியில் “ரேகை விழல” என்று ஒவ்வொரு மாதமும் மூன்று முறை அலையவிடுகிறார்களாம். உழைப்பின் அடையாளமே உதவி பெறுவதற்குத் தடையாகிவிட்ட கொடுமை இது. கூட ஒருவர் போய், வேறு வழியில் சரிபார்த்துத் தருமாறு எடுத்துச் சொன்னால் தீரக்கூடிய இடர். கூடப் போகத்தான் ஆள் இல்லை.

விலைக்கு வாங்கும் முதுமை

கோயம்புத்தூரின் புறநகர்ப் பகுதிகளில் முதியோர்க்கென்றே தனிக் குடியிருப்புகள் பல எழுந்திருக்கின்றன. நல்ல ஓய்வூதியமோ, வெளிநாட்டில் பொருளீட்டும் பிள்ளைகளோ உள்ளவர்கள் அங்கே வீடு வாங்கிக் குடியேறுகின்றனர். அதில் தவறு ஏதும் இல்லை. தன் முதுமைக்குத் தானே திட்டமிடுபவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அங்கே அவர்கள் விலை கொடுத்து வாங்குவது எதனை என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்து பொருள்கள். முதலாவது, வழுக்காத தரையும் கைப்பிடியும். இரண்டாவது, ஆபத்து என்றால் ஒலிக்க ஒரு மணி. மூன்றாவது, அழைத்தால் வரும் மருத்துவ உதவி. நான்காவது, வேளாவேளைக்குச் சூடான உணவு. ஐந்தாவது, பேசிக்கொண்டிருக்க ஆள்.

இவற்றுள் எதற்கு மாளிகை வேண்டும்? கைப்பிடியின் விலையை மேலே சொன்னேன். மணிக்குப் பதிலாக, பெரிய எழுத்துப் பொத்தான் உள்ள ஒரு தொலைபேசியும், அதில் பதிந்து வைத்த அண்டை வீட்டு எண்ணும் போதும். மருத்துவத்துக்கு, 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவரப்பட்டன. எலும்பு முறிந்தோர்க்கும் படுத்த படுக்கையானோர்க்கும் வேண்டிய பயிற்சிகளும் அதில் அடக்கம். என் அப்பத்தாவுக்குக் காலை மடக்கி நீட்டக் கற்றுக்கொடுத்தது அவ்வாறு வீடு தேடி வந்த ஓர் அக்காதான். உணவுக்கு, ஒரு கைப்பிடி அரிசி கூடப்போட மனமுள்ள அண்டை வீடு நம் ஊர்களில் இன்றும் உண்டு. கேட்பதற்குத்தான் முதியவர்கள் கூசுகிறார்கள். இடையில் நின்று கேட்டுத் தர ஒருவர் வேண்டும்.

ஐந்தாவது பொருள் பேச்சுத் துணை. அதைத்தான் நாம் தர இயலும். இருபது வயதில் நம்மிடம் பணம் இல்லை, நேரம் இருக்கிறது.

12,000 மணி நேரம்

நேரம் இருக்கிறதா என்று நண்பர்கள் கேட்பார்கள். மாலையில் கடைகளில் கணக்கெழுதப் போகிறவர்கள் நம்மிடையே பலர் உண்டு. விடுமுறை நாட்களில் வண்ணம் பூசும் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஆகவே கணக்காகவே பார்ப்போம்.

நம் திட்டத்தின் ஓர் அணியில் 100 தொண்டர்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும் என்பது விதி. ஆக, ஓராண்டில் நம் அணியின் கையில் 12,000 மணி நேரம் இருக்கிறது. நாம் தத்தெடுத்த ஊரில் தனித்து வாழும் முதியோர் நாற்பது பேர் என்று கொள்வோம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வாரம் ஒருமுறை இரண்டு தொண்டர்கள் சென்று இரண்டு மணி நேரம் இருந்தால் வாரத்துக்கு 160 மணி நேரம் ஆகும். கல்லூரி நடைபெறும் 30 வாரங்களுக்கும் சேர்த்து 4,800 மணி நேரம். மீதி 7,200 மணி நேரத்தில் மரம் நடலாம், சாலை பெருக்கலாம், பேரணி போகலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

இது கனவு என்று எண்ண வேண்டா. அண்டை மாநிலமான கேரளத்தில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993ஆம் ஆண்டு நோய்த்துயர் தணிக்கும் பணி ஒன்று தொடங்கியது. சில ஆண்டுகளில் மலப்புறம் உள்ளிட்ட வட மாவட்டங்களில் அது ஊரார் பணியாகவே மாறியது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக் கூடியவர்கள் யாராயினும் சேரலாம் என்றார்கள். சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். கடைக்காரர், ஆசிரியர், மாணவர், குடும்பப் பெண்கள். நீண்ட காலம் படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்குச் சென்று உடல் துடைத்துவிடுவது, மருந்து வாங்கித் தருவது, பேசிக்கொண்டிருப்பது ஆகியவை அவர்கள் பணி. 2008ஆம் ஆண்டு கேரள அரசே இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான்! நாம் தேநீர்க் கடையில் கழிப்பது அதனினும் கூடுதல்.

சில மறுப்புகளுக்கு விடை

இக்கருத்தை விடுதி நண்பர்களிடம் சொன்னபோது எழுந்த மறுப்புகளை இங்கே மறைக்க விரும்பவில்லை.

“பெற்றோரைக் காப்பது பிள்ளைகள் கடமை, மாணவர் மன்றம் அதில் தலையிடுவது பிள்ளைகளின் பொறுப்பைக் குறைத்துவிடும்” என்றார் ஒரு நண்பர். கடமை பிள்ளைகளுடையதே. அதனைச் சட்டமும் சொல்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துப் பராமரிப்புத் தொகை பெறலாம். தம்மைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, காப்பாற்றாவிட்டால் திரும்பப் பெறவும் அதில் வழியுண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் ஊர் முதியோரில் எத்தனை பேர் இச்சட்டத்தின் பெயரையாவது அறிவர்? அறிந்த ஒருவர் மனு எழுதத் தெரியாமல் திணறும்போது பக்கத்தில் அமர்ந்து எழுதித் தருவது யார்? 14567 என்ற கட்டணமில்லா முதியோர் உதவி எண் ஒன்று இருப்பதைச் சுவரில் எழுதி வைப்பது யார்? கடமையைச் செய்யும் பிள்ளைகளுக்கும் தொலைவில் இருந்து கொண்டு எல்லாம் செய்துவிட இயலாது. என் தந்தையார் கடமை தவறியவர் அல்லர். அவர் திருப்பூரில் இருந்தார், அவ்வளவுதான்.

“அரசு உதவித்தொகை தருகிறதே” என்றார் மற்றொருவர். தருகிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962ஆம் ஆண்டு மாதம் 20 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு 1,200 ரூபாயாக உயர்ந்தது. நன்றியோடு நினைக்க வேண்டிய உதவி அது. ஆனால் ரூபாய் பையில் இருந்தாலும், விழுந்தவரைத் தூக்க ஆள் வேண்டும்.

“கிழவர்களோடு இரண்டு மணி நேரம் என்ன பேசுவது?” என்று மூன்றாவது நண்பர் சிரித்தார். அவருக்கு விடை நம் தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்றொரு புலவர். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பாட்டில் வரும் பூண் கட்டிய ஊன்றுகோலே அவருக்குப் பெயராகிவிட்டது. மருத மரக் கிளையிலிருந்து மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளிக்காட்டிய தம் இளமையை, இருமலுக்கிடையே கோலூன்றி நின்று நினைத்துப் பார்க்கிறார் அவர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அப்பாட்டு நிற்பதற்குக் காரணம், அந்தக் கிழவர் பேசியதை யாரோ செவிகொடுத்துக் கேட்டதுதான். நம் ஊர்க் கிழவர் ஒவ்வொருவரிடமும் ஒரு மருத மரமும் ஒரு மடுவும் உண்டு. வரலாற்று மாணவர்களாகிய நாம் குறிப்பேட்டோடு போனால், நம் ஊரின் பஞ்சக் கதையையும் கண்மாய்க் கதையையும் எந்த நூலிலும் இல்லாத விதமாக எழுதிக்கொண்டு வரலாம். பேசுவதற்கு என்ன என்று கேட்பவர், கேட்பதற்கு என்ன என்று ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

என் வேண்டுகோள்

எனவே நம் திட்ட அலுவலர் அவர்களிடமும், ஆசிரியப் பெருமக்களிடமும், அடுத்த ஆண்டு பொறுப்பேற்க இருக்கும் இளவல்களிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: தத்தெடுத்த ஊருக்கு ஒரு முதியோர் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் யார் தனியே இருக்கிறார், என்ன மருந்து உண்கிறார், எந்தத் தாள் நிலுவையில் இருக்கிறது, அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும், எங்கே வாழ விரும்புகிறார் என்று அவரைக் கேட்டே எழுத வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வி இன்றியமையாதது. முதியோரை எங்கே வைப்பது என்று நாமே முடிவு செய்கிறோம், அவர்களைக் கேட்பதில்லை. தொண்டர்கள் மாறினாலும் பதிவேடு அடுத்த அணியின் கைக்குப் போக வேண்டும்.

இரண்டு: அக்டோபர் முதல் நாளில் சால்வைக்கும் பதாகைக்கும் ஆகும் பணத்தைக் கைப்பிடிக்கு ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு வீடு என்றாலும் போதும். நம் சிறப்பு விருந்தினர்கள் பெருமனம் படைத்தவர்கள். சால்வை போர்த்தவில்லை என்று வருந்த மாட்டார்கள்.

மூன்று: ஒவ்வொரு தொண்டரும் முகாமுக்குப் புறப்படுமுன் தம் வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். கொல்லைப் படியை, கிணற்றடியை, கழிப்பறையை, இரவு விளக்கை. தம் பாட்டனாரோ பாட்டியாரோ பகலில் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று பார்க்க வேண்டும். அவர் பிடிக்கும் சுவரில் கை பட்டுப் பட்டு அழுக்கேறிய தடம் ஒன்று இருக்கும். கைப்பிடி எங்கே வைக்க வேண்டும் என்பதை அந்தத் தடமே சொல்லிவிடும். எங்கள் வீட்டுச் சுவரிலும் அது இருந்தது. அதை நான் பார்த்தது அப்பத்தா விழுந்த பிறகு.

கடிதத்தில் இருந்தது

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் பேருந்தேறி அந்த இல்லத்துக்குப் போனேன். பெரியவர் வேப்பமரத்தடியில் இருந்தார். என்னை அவருக்கு நினைவில்லை. கடிதத்தைக் கேட்டேன். சிரித்தார்.

“அதப் பதினஞ்சு நாள் கழிச்சுச் சமையக்காரரு மகன் வந்து படிச்சான்யா. விலாசத்த எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்கான் பேங்குக்காரன். வேற ஒண்ணுமில்ல” என்றார். சற்று நேரம் கழித்து, “கணக்க முடிச்சுருவானோன்னு பயந்துட்டேன்” என்றார்.

ஒன்றுமில்லாத கடிதம்தான். படிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் பதினைந்து இரவுகள் ஒரு பெரியவரின் உறக்கத்தைக் கெடுத்த கடிதம் அது. அந்தப் பதினைந்து இரவுகளும் நான் நிழற்படத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரண்டு மணி நேரம் அவரோடு இருந்தேன். பழம் ஏதும் கொண்டு போகவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அவர் தம் மகனுக்கு எழுதச் சொன்ன கடிதத்தை எழுதினேன். இப்போது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போய்வருகிறேன். என் வகுப்புத் தோழர்கள் மூவரும் உடன் வருகிறார்கள். நான்கு பேர் என்பது தொகையன்று என்பதை அறிவேன். நம் அணியில் இன்னும் தொண்ணூற்றாறு பேர் இருக்கிறார்கள்.

நான் இந்த ஆண்டோடு கல்லூரியை விட்டுச் செல்கிறேன். வரும் அக்டோபர் முதல் நாள் நம் வாசலில் பேருந்து வந்து நிற்கட்டும். வேண்டா என்று சொல்லவில்லை. ஏறிச் செல்லும் இளவல்கள் இரண்டாம் நாளும் செல்ல வேண்டும் என்பதே என் விருப்பம். அன்று பதாகை வேண்டா. ஒரு பேனாவும் குறிப்பேடும் போதும்.